42இல் 41: திருகோணமலை விவாத வகுப்பில் ஓர் எண்ணைப் பின்தொடர்ந்த கதை

2025 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. உட்துறைமுக வீதிக்குப் பக்கத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் சிறிய அறையில் உயர்தர மாணவர்களின் விவாத வகுப்பு நடந்தது. தலைப்பு: ‘ஏவுகணைப் பாதுகாப்புக்கு அரசுகள் செலவிடும் பணம் நியாயமானதே.’ முந்தின மாதம்தான் ஈரானும் இஸ்ரேலும் பன்னிரண்டு நாட்கள் ஒன்றையொன்று தாக்கியிருந்தன. மே மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் ‘கோல்டன் டோம்’ என்ற பெயரில் நாடு முழுவதற்கும் ஒரு கவசம் போடப்போவதாகவும், அதற்கு 175 பில்லியன் டொலர் ஆகும் என்றும் அறிவித்திருந்தார். பிள்ளைகளுக்குக் கதைக்க விஷயம் நிறையவே இருந்தது.

சார்பணியின் இரண்டாவது பேச்சாளர் ஒரு கடதாசியைப் பார்த்து வாசித்தார். “1991 வளைகுடாப் போரில் அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணைகள், ஈராக் ஏவிய 42 ஸ்கட் ஏவுகணைகளில் 41ஐ இடைமறித்து அழித்தன. 98 வீத வெற்றி. இதற்குச் செலவிட்ட பணத்தை வீண் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?” எதிரணிக்கு மறுமொழி இல்லை. மணி அடித்தது. சார்பணிக்கு நான்தான் புள்ளி போட்டேன்.

வகுப்பு கலைந்த பிறகு எதிரணித் தலைவி மேசைக்கு வந்தார். “சேர், அந்த 41 எங்க இருந்து வந்தது எண்டு அவவிட்டக் கேட்டன். உங்கட நோட்ஸிலதான் இருக்காம்.”

உண்மைதான். பல வருடங்களுக்கு முன் நான் கையால் எழுதி, போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்த குறிப்பு அது. தலைமுறை தலைமுறையாக மாணவர் கைமாறி, எழுத்துக்கள் மங்கி, ஓரம் கறுத்துப்போய் இன்னும் உலாவிக்கொண்டிருந்தது. 1991இல் நானே உயர்தர மாணவன். ஊரில் போர், மின்சாரம் இல்லாத இரவுகள், பற்றரி ரேடியோ, ஒரு நாள் பிந்தி வரும் பத்திரிகை. அந்த நாட்களில் எங்கோ வாசித்த எண் மனதில் தங்கிவிட்டது. அதை நான் ஒருநாளும் சரிபார்க்கவில்லை. பிறகு வந்த மூன்று சனிக்கிழமைகளையும் அந்த எண்ணைத் தேடுவதற்கே ஒதுக்கினோம். என்ன கண்டோம், எங்கே பிசகினோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எண் பிறந்த இடம்

1991 பெப்ரவரி 15. போர் நடந்துகொண்டிருக்கிறது. பேட்ரியட்டைத் தயாரிக்கும் ரேதியன் நிறுவனத்தின் தொழிற்சாலைக்கு, மசசூசெற்ஸ் மாநிலத்தின் அண்டோவருக்கு, ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் போகிறார். தொழிலாளர்கள் முன்னிலையில் அவர் சொன்னதன் சாரம்: 42 ஸ்கட்களை எதிர்கொண்டோம், 41ஐ இடைமறித்தோம். எண்ணின் பிறப்பிடம் இதுதான். ஆக, எண் பொய்யாகப் புனையப்பட்டதல்ல. அப்படி ஒரு கூற்று உண்மையாகவே இருந்தது. அதற்கு என்ன பொருள் என்பதில்தான் சிக்கல்.

போர் முடிந்த பின் அமெரிக்க இராணுவம் தந்த வெற்றி வீதம் சவூதியில் 80, இஸ்ரேலில் 50. 1992 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையின் உபகுழு ஒன்று இதை விசாரித்தபோது அது சவூதியில் 70, இஸ்ரேலில் 40 என்று இறங்கியிருந்தது. அதே விசாரணையில் ஜனாதிபதியின் வாக்கியத்தைப் பற்றிக் கேட்டார்கள். இராணுவத்தின் சார்பில் வந்த பிரிகேடியர் ஜெனரல் ரொபர்ட் ட்ரோலெட் கொடுத்த விளக்கம், ‘இடைமறித்தது’ என்றால் பேட்ரியட்டும் ஸ்கட்டும் வானத்தில் ஒன்றின் பாதையை ஒன்று கடந்தன என்பதே. ஸ்கட் அழிந்தது என்று ஜனாதிபதி சொல்லவில்லை என்பது அவர் வாதம்.

அந்தப் பகுதியை நான் தமிழில் சொன்னதும் அறை ஒரு கணம் அடங்கியது. பின்வாங்கில் இருந்து ஒரு பையன், ஏகாம்பரம் மைதானத்தில் கோல்காரனாக விளையாடுபவன், எழும்பிச் சொன்னான்: “நான் பாய்ஞ்சதையெல்லாம் பிடிச்சதா எழுதினா எங்கட ரீம் ஒரு மட்சும் தோத்திருக்காது சேர்.”

அதே 1992 செப்டெம்பரில் அமெரிக்கக் காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம் தன் அறிக்கையை வெளியிட்டது. ஸ்கட்டின் வெடிமுனை அழிந்தது என்பதற்கு வலுவான சான்று உள்ள மோதல்கள் சுமார் 9 வீதம்தான் என்றது. இந்த 9ஐக் கண்டதும் எதிரணிப் பிள்ளைகளின் முகம் மலர்ந்துவிட்டது. ‘வெற்றி 9 வீதம் மட்டுமே’ என்று உடனே எழுதத் தொடங்கினார்கள். அங்கேயும் நிறுத்தவேண்டி வந்தது. மீதி 91 வீதமும் தோல்வி என்று அறிக்கை சொல்லவில்லை. அவற்றில் வெற்றியை நிரூபிக்கும் அளவுக்கு வலுவான சான்று கிடையாது என்றுதான் சொன்னது. சான்று இல்லை என்பதற்கும் தோற்றது என்பதற்கும் உள்ள தூரம், கடந்தது என்பதற்கும் அழித்தது என்பதற்கும் உள்ள தூரத்தைப் போலவே பெரியது. நாம் விரும்பும் பக்கம் எண் சாய்ந்தால் அந்தத் தூரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனக்கும் அன்று முதலில் தெரியவில்லை, ஒரு மாணவிதான் காட்டினார்.

தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்த வெடிப்புகள் என்ன? பேட்ரியட் முதலில் விமானங்களுக்கு எதிராக வடிவமைக்கப்பட்டது. இலக்குக்கு அருகில் போய் வெடித்துச் சிதறல்களை வீசும். அந்த வெடிப்பு இரவு வானத்தில் எவ்வளவு பிரகாசமாகத் தெரிந்தாலும், சிதறல் வெடிமுனையில் பட்டதா, வெறும் வால்பகுதியில் பட்டதா, எதிலும் படவில்லையா என்பதை அது சொல்லாது. ஈராக் ஸ்கட்டின் வீச்செல்லையைக் கூட்ட அதை நீட்டி மாற்றியிருந்தது. அப்படி மாற்றியவை வளிமண்டலத்துக்குள் திரும்ப நுழையும்போது தாமாகவே உடைந்து துண்டுகளாக வந்தன. ஒரு ஏவுகணைக்குப் பதில் நாலைந்து துண்டுகள் வரும்போது ரேடாருக்கு எது வெடிமுனை, எது வெற்றுத் தகரம் என்று பிரிப்பது கடினம். எம்.ஐ.ரி. பேராசிரியர் தியோடர் போஸ்டல் தொலைக்காட்சிப் பதிவுகளைப் படம் படமாக நிறுத்திப் பார்த்து, வெடிமுனை அழிந்த நிகழ்வுகள் மிகமிகக் குறைவு என்று வாதிட்டார். இராணுவமும் ரேதியனும் அதை மறுத்தன. செக்கனுக்கு 30 படம் எடுக்கும் செய்திக் கமெராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் ஸ்கட் ஐம்பது மீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும், அதை வைத்து முடிவு சொல்ல முடியாது என்பது அவர்கள் பக்க நியாயம். நியாயமான ஆட்சேபணைதான். ஆனால் அதே கமெராப் படங்களை உலகத்துக்கு வெற்றியின் சாட்சியாகக் காட்டியபோது யாரும் அந்த ஆட்சேபணையை எழுப்பவில்லை.

தஹ்ரான், பெப்ரவரி 25

மூன்று வாரங்களில் வகுப்பு அதிகம் நேரம் செலவழித்தது இதில்தான். கணிதப் பிரிவுப் பிள்ளைகள் இருந்ததும் ஒரு காரணம்.

சவூதியின் தஹ்ரானில் அமெரிக்கப் படைவீரர் தங்கியிருந்த கட்டடத்தில் ஒரு ஸ்கட் விழுந்தது. 28 பேர் இறந்தார்கள். அங்கே பாதுகாப்புக்கு நின்ற பேட்ரியட் ஒரு ஏவுகணையைக்கூட ஏவவில்லை. காரணம் கடிகாரம். அந்தக் கணினி நேரத்தைச் செக்கனின் பத்திலொரு பங்காக எண்ணியது. பத்திலொன்றை இரும எண்ணில் எழுதினால் 0.0001100110011… என்று முடிவில்லாமல் ஓடும். மாணவி ஒருவர் கரும்பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை எழுதிக் காட்டினார். கணினியில் இருந்த இடம் 24 பிற், அதாவது 24 இரும இலக்கம். மிச்சம் வெட்டுப்பட்டது. வெட்டுப்பட்டதால் ஒவ்வொரு பத்திலொரு செக்கனுக்கும் வரும் பிழை ஏறக்குறைய 0.000000095 செக்கன். யாரும் கவனிக்கமாட்டாத சிறு பிழை. ஆனால் அந்தக் கருவி 100 மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. 100 மணித்தியாலத்தில் 36 இலட்சம் பத்திலொரு செக்கன்கள். பெருக்கிப் பார்த்தார்கள்: 0.34 செக்கன். ஸ்கட் செக்கனுக்கு ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் பாயும். ரேடார் வானத்தில் எந்த இடத்தில் தேடவேண்டுமோ அதைவிட்டு அரைக் கிலோமீற்றருக்கு மேல் தள்ளித் தேடியது. தேடிய இடத்தில் ஒன்றுமில்லை. ஆகவே எச்சரிக்கை பொய் என்று முடிவெடுத்துவிட்டது.

இன்னும் வலிப்பது அடுத்த தகவல். நீண்ட நேரம் ஓடினால் இலக்கு விலகுகிறது என்று இஸ்ரேலியர் பெப்ரவரி 11ஆம் திகதியே அறிவித்திருந்தார்கள். திருத்திய மென்பொருள் 16ஆம் திகதி ஆயத்தம். தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26ஆம் திகதி, அடுத்த நாள். இடைக்காலத்தில் கருவியை அவ்வப்போது நிறுத்தித் திரும்ப இயக்கினாலே பிழை பூச்சியமாகியிருக்கும். ‘நீண்ட நேரம்’ என்றால் எத்தனை மணித்தியாலம் என்று களத்தில் நின்றவர்களுக்கு யாரும் எண்ணிச் சொல்லவில்லை.

கணக்கு முடிந்ததும் எதிரணித் தலைவி கேட்டதுதான் இந்த ஆய்வின் மையம் என்று நினைக்கிறேன். “சேர், இது 42க்குள்ள வருமா?” புஷ் பேசியது பத்து நாள் முந்தி, அதனால் அந்த 42இல் இது இல்லை. ஆனால் அவர் கேட்டது வேறு. பின்னால் கணக்கெடுத்திருந்தாலும் அந்த வாக்கிய அமைப்பின்படி இது வராது. ஏனென்றால் கணக்கு ‘எதிர்கொண்டவற்றில் இடைமறித்தவை’. பேட்ரியட் ஏவப்படவே இல்லை, ஆகவே எதிர்கொள்ளவே இல்லை. அந்தப் போரிலேயே அமெரிக்கப் படைக்கு ஒரே அடியில் அதிக உயிர்ச்சேதம் தந்த ஏவுகணை, பாதுகாப்பின் வெற்றி வீதத்தை ஒரு புள்ளிகூடக் குறைக்காமல் கடந்து போயிருக்கும். அந்த 28 பேரை மேலேயும் காணோம், கீழேயும் காணோம் என்று ஒரு பிள்ளை பின்னத்தின் கோட்டைச் சுண்ணக்கட்டியால் தட்டிக் காட்டினாள்.

தமிழில் வந்து சேர்ந்த சொல்

இனி எங்கள் பங்கு. ஜனாதிபதி சொன்னதில் இருந்தது ‘இன்டர்செப்ட்’ என்ற சொல் மட்டும். என் குறிப்பில் இருந்தது ‘இடைமறித்து அழித்தன’. ‘அழித்தன’ எங்கிருந்து வந்தது?

எங்கள் செய்தித் தமிழில் இந்த இரண்டு வினைகளும் இணைபிரியாத இரட்டையாகிவிட்டன. ட்ரோன் ஆனாலும் ஏவுகணை ஆனாலும் ‘இடைமறித்து அழிக்கப்பட்டது’ என்று கை தானாகவே எழுதும். காதும் அதையே எதிர்பார்க்கும். பிள்ளைகளிடம் கைபேசியில் செய்திகளைத் தேடச் சொன்னேன். அரை மணி நேரத்தில் அந்தத் தொடர் பல தளங்களில், பல வருடச் செய்திகளில் வந்து விழுந்தது. அமெரிக்க இராணுவம் விசாரணையில் தனக்கென்று பத்திரப்படுத்திக்கொண்ட பின்வாசலைத் தமிழ் மொழிபெயர்ப்பு அடைத்துப் பூசிக் கொடுத்திருக்கிறது. அவர்கள் ‘அழித்தோம் என்று சொல்லவில்லையே’ என்கிறார்கள். நாங்கள் அவர்களுக்காகச் சொல்லிவிட்டோம்.

இது பண்டிதர் கவலை என்று தள்ளிவிட முடியாது. 2024 ஏப்ரல் 14, புத்தாண்டு விடுமுறைக்குள் வந்த ஞாயிறு. விடியற்காலை ஈரான் 300க்கும் மேற்பட்ட ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் இஸ்ரேலை நோக்கி ஏவிய செய்தி வந்தது. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் மகள் ஜோர்தானில் தையல் தொழிற்சாலையில் வேலை. வாசலில் கோலம் காயவில்லை, அக்கா கைபேசியோடு மதிலடிக்கு வந்துவிட்டா. “தம்பி, 99 வீதமும் இடைமறிச்சு அழிச்சிட்டாங்களாம். அப்ப பிள்ளைக்குப் பயமில்லைத்தானே?” நானும் “ஓம் அக்கா, பயப்படாதீங்க” என்றேன்.

99 என்பது இஸ்ரேல் இராணுவம் சொன்ன எண். அதில் பெரும்பகுதி உண்மையாகவே தடுக்கப்பட்டது, அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் வானத்தில் உடைபட்டது வானத்திலேயே கரைந்துபோவதில்லை. அன்று சிதறல்கள் ஜோர்தான் தலைநகர் அம்மானிலும் வீதியில் விழுந்தன. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் பெதூயின் குடும்பமொன்றின் ஏழு வயதுச் சிறுமி ஏவுகணைச் சிதறல் பட்டுப் படுகாயமடைந்தாள். ‘அழித்தது’ என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவும் நானும் ‘கீழே எதுவும் விழவில்லை’ என்று எடுத்துக்கொண்டோம். பிள்ளை வெளியே போகாமல் கூரைக்குக் கீழே இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த ‘ஓம்’ என் வாயால் வந்தது.

செலவைப் பற்றி

அமெரிக்க ஜனாதிபதி றீகன் 1983 மார்ச் 23இல் விண்வெளிக் கவசத் திட்டத்தை அறிவித்த நாளிலிருந்து இந்தப் பாதையில் போன பணம் சிறிதல்ல. பிள்ளைகள் பெரிய பட்டியலே போட்டார்கள். இங்கே இரண்டை மட்டும் எடுக்கிறேன்.

கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளைத் தடுக்க அமெரிக்கா அலாஸ்காவிலும் கலிபோர்னியாவிலும் 44 இடைமறிப்பு ஏவுகணைகளை வைத்திருக்கிறது. 1999இலிருந்து நடத்திய இடைமறிப்புச் சோதனைகளில் பாதிக்குச் சற்று மேல்தான் வெற்றி. அதுவும் இலக்கு எப்போது, எங்கிருந்து வரும் என்று பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்த நிலையில். இதற்கிடையே 2002இல் ஒரு முடிவு எடுத்தார்கள்: சோதனைகளில் பயன்படுத்தும் போலி இலக்குகளின் விபரம் இனி இரகசியம். எதிரிக்குத் துப்புக் கொடுக்கக்கூடாது என்பது காரணம். காரணத்தில் பிழை சொல்ல முடியாது. ஆனால் வெளி விஞ்ஞானிகள் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த முக்கியமான கேள்வியே, போலியையும் உண்மையையும் இந்தக் கருவி பிரித்தறியுமா என்பதுதான். கேள்வியின் மேலேயே திரை விழுந்தது. பணம் மட்டும் வெளிப்படையாகத் தொடர்ந்தது.

மற்றது 2025 மேயில் வந்த இரண்டு எண்கள். ட்ரம்ப் சொன்னது முழுக் கவசத்துக்கும் 175 பில்லியன், ஏறக்குறைய மூன்று வருடம், நூறு வீதத்தை நெருங்கும் வெற்றி. அதே மாதம் காங்கிரஸின் வரவுசெலவு அலுவலகம் விண்வெளியில் வைக்கும் இடைமறிப்பு ஏவுகணைகளுக்கு மட்டும் 20 வருடத்தில் 161 முதல் 542 பில்லியன் வரை ஆகலாம் என்று மதிப்பிட்டது. அதுவும் வடகொரியா போன்ற ஒரு நாடு ஒன்றிரண்டு ஏவுகணைகளை ஏவினால் தடுக்கும் அளவுக்கு. இரண்டு எண்ணும் வேறுவேறு பொருளை அளப்பவை, நேருக்கு நேர் நிறுத்தி ‘பொய்’ என்று சொல்வது சரியல்ல. ஆனால் எதை, எத்தனை வருடத்துக்கு, எத்தனை ஏவுகணைக்கு எதிராக என்று அலுவலகத்தின் எண் சொல்கிறது. ட்ரம்பின் எண் சொல்லவில்லை. வரி கட்டுகிறவன் எதோடு வாதாட முடியும் என்பது அதிலேயே தெரிகிறது.

சார்பணிப் பிள்ளை விட்டுக்கொடுக்கவில்லை. “ஒரு ஏவுகணையைத் தடுத்தாலும் ஒரு ஊர் தப்பும் சேர். அதுக்கு விலை சொல்ல ஏலுமா?” குறுந்தூர ரொக்கற்றுகளைத் தடுப்பதில் இஸ்ரேலின் ‘அயர்ன் டோம்’ போன்றவை உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன என்றும் சொன்னாள். அது வலுவான வாதம். மூன்று வாரம் கழித்தும் நான் அதைத் தோற்ற வாதமாகக் கருதவில்லை. அந்த வாதத்துக்குப் பொய் எண் தேவைப்படவும் இல்லை.

எங்கள் வானம்

வான் பாதுகாப்பு எங்கோ நடக்கும் கதை என்று திருகோணமலையில் யாரும் சொல்ல முடியாது. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் இந்தத் துறைமுகத்தின் மேல் வந்தன. ரேடார் முன்கூட்டியே கண்டது. சீனக்குடாவிலிருந்து பிரித்தானியரின் ஹரிக்கேன் போர்விமானங்கள் எழும்பின. கப்பல்துறை முற்றமும் விமானத்தளமும் அடிபட்டன, எண்ணெய்த் தாங்கி ஒன்று நாட்கணக்கில் எரிந்தது. முன்னிரவே துறைமுகத்தை விட்டு வெளியே அனுப்பப்பட்ட ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது.

என் அம்மப்பா அப்போது கப்பல்துறையில் கூலி வேலை. “வந்த பிளேன் எல்லாத்தையும் வெள்ளைக்காரன் விழுத்திட்டான்” என்று சாகும்வரை சொன்னார். அந்த நாட்களில் பிரித்தானியர் வீழ்த்தியதாக அறிவித்த தொகை, போருக்குப் பின் ஜப்பானியப் பதிவேடுகளில் தெரிந்த இழப்பைவிட மிக அதிகம். அம்மப்பா பொய் சொல்லவில்லை. பதுங்குகுழிக்குள் இருந்தவருக்கு மேலே நடந்தது தெரியாது, வெளியே வந்ததும் கிடைத்த எண்ணைப் பிடித்துக்கொண்டார். நானும் 1991இல் அதையேதான் செய்திருக்கிறேன்.

எங்கள் நாட்டுச் செலவையும் பிள்ளைகள் இழுத்தார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தேசிய பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலை மறுக்க இடம் கொடுக்கிறது. ஆனால் 5ஆம் பிரிவிலேயே, பொதுநலன் மேலோங்கினால் கொடுக்கவேண்டும் என்றும் இருக்கிறது. பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் கணக்குக் கேட்பதை நிறுத்திப் பழகிய மக்கள் நாங்கள், முப்பது வருடம் அப்படித்தான் வாழ்ந்தோம். அந்த உபபிரிவை வாசித்த பிள்ளைகளில் அதை முன்பு கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை.

பிறகு

நாலாவது சனிக்கிழமை அதே தலைப்பைத் திரும்ப வைத்தோம். ஒரு நிபந்தனை: பேசத் தொடங்குமுன் இரண்டு அணியும் சேர்ந்து ‘எதிர்கொண்டது’, ‘இடைமறித்தது’, ‘அழித்தது’ மூன்றுக்கும் பொருளைப் பலகையில் எழுதவேண்டும். அதற்கே இருபது நிமிடம் சண்டை. சார்பணி மறுபடியும் வென்றது, இம்முறை 41ஐத் தொடாமல்.

பழைய குறிப்பைக் கிழித்தால் போதாது, அது எத்தனை பேர் கையில் இருக்கிறதோ தெரியாது. பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுவில் பிழையை எழுதிப் போட்டேன். கனடாவில் இருக்கும் ஒருவர், 2012 அளவில் என்னிடம் படித்தவர், இரவே கேட்டிருந்தார்: “அப்ப சரியான எண் எத்தனை சேர்?”

80, 70, 50, 40, 9 எல்லாவற்றையும் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் நேரே அதைச் சொன்னது யார், எப்போது, எந்தச் சொல்லுக்கு என்றும் எழுதினேன். கடைசி வரியில் 28.